தொழிற்பள்ளிக்குக் கண்ணீர் அஞ்சலி

அந்த அஞ்சலித் தாளை ஊரெல்லாம் ஒட்டியவள் நெதெல்காதான். கமென்தோல் ஊர்த் தொழிற்பள்ளியில் கடைசல் இயந்திரம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். கோபம் வந்தால் அவளுக்குக் கண் மண் தெரியாது. இந்த வருடம் முதலாண்டு வகுப்பு நிரம்பாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, மிச்சமிருப்பவர்களை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்று நகரசபை சொன்னது. ஊரே வெட்கப்படட்டும் என்று கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி அச்சடித்துவிட்டாள். 'தச்சர் சங்கம் பெற்றெடுத்து, ராஜா காலத்தில் ஒரு பெயர், கம்யூனிஸ்ட் கட்சி காலத்தில் ஒரு பெயர், அதற்கப்புறம் இன்னொரு பெயர் என்று வாழ்ந்து, எல்லா ஆட்சிக்கும் ஆணியும் அச்சும் செய்து கொடுத்த நம் தொழிற்பள்ளி காலமானது.' மேலே பள்ளிக் கட்டடத்தின் படம்.

இறந்தவர்களுக்கு ஒட்டும் அஞ்சலித் தாள் இல்லாத கதவும் மரமும் அந்த ஊரில் கிடையாது. எல்லோரும் நின்று படிப்பார்கள். இதையும் படித்தார்கள். யாரும் வெட்கப்படவில்லை, நம்பிவிட்டார்கள். மறுநாள் பள்ளி வாசலில் பூக்கள், சாவுக்கு வைக்கிற மாதிரி இரட்டைப்படையில். விண்ணப்பம் கொடுத்திருந்த பெற்றோர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

"நல்ல காரியம் பண்ணினீங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் தன்யூ. "நகரசபைக்கு வேலை மிச்சம்."

"கிழிச்சுடறேன்."

"அதை யாராவது கிழிப்பாங்களா? மழையில தானா போனாத்தான் உண்டு."

"வெள்ளிக்கிழமையோட சேர்க்கை முடியுது. மழைக்கு நான் எங்க போறது?"

சந்தை நாளில், பட்டப்பகலில், வாளியும் சுரண்டியுமாக இறங்கினாள். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நிற்கவில்லை.

ரொட்டிக்கடை கதவில் கை வைத்ததும் கடைக்காரி கினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"பாவத்தைத் தேடிக்காதம்மா. செத்தவங்க தாளைத் தொடலாமா?"

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது அக்கா?"

"நீதானே ஒட்டினே."

"ஆமா, புத்தி கெட்டுப்போய் ஒட்டினேன். அதான் நானே எடுக்கறேன்."

கூட்டம் கூடிவிட்டது. மகளின் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கியிருந்த ஸ்லாவ்சோ முன்னால் வந்தான்.

"கிழிச்சா உயிர் வந்துடுமா டீச்சர்? என் பொண்ணு படிப்புல விளையாடாதீங்க."

"உங்க ஓட்டை டிராக்டருக்குப் போன மாசம் அச்சு கடைஞ்சு கொடுத்தது யாரு?"

"உங்க பசங்கதான்."

"செத்த பசங்களா?"

யாரோ சிரித்தார்கள். ஸ்லாவ்சோ சிரிக்கவில்லை. "வகுப்பு நடக்குமா? அதைச் சொல்லுங்க."

"உங்க பொண்ணு வந்தா நடக்கும். வராட்டி வீடு வீடா வந்து கூப்பிடுவேன். உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவேன்."

அவள் திரும்பிச் சுரண்ட ஆரம்பித்தாள். தாள் அசையவில்லை. உள்ளே போன கினா ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வந்தாள்.

"தள்ளு. இவ்வளவு பசையைப் பூசி வெச்சிருக்கே, பச்சைத் தண்ணியில வருமா?"

வெந்நீர் பட்டதும் தாளின் மூலை எழும்பியது. நெதெல்கா பிடிப்பதற்குள் ஸ்லாவ்சோ அதைப் பிடித்து இழுத்தான்.