எதிரே இருந்து பார்த்தவள்

கீழ்வானம் வெளுக்கும் வேளையில் கொழும்பு நகரத்துக் கொட்டாஞ்சேனையைக் கண்டவர், கற்றறிந்த வாசகரே, கடலும் கோயிலும் வறுமையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உறங்கி எழும் காட்சியைக் கண்டவராவர். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வானில் கழுத்தை நீட்டி நிற்க, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அவிய, பள்ளிவாசலின் பாங்கொலி அடங்கிய அமைதியிலே பேராலயத்து மணி முதற் பூசைக்கு அழைக்க, அதனோடு அம்மன் கோயிற் சங்கும் சேர்ந்து முழங்க, முடுக்குகளின் குழாயடியிலே குடங்கள் வரிசைகொள்ள, அப்பச்சட்டியின் மணம் ஓட்டுக் கூரைகளின் மேலெல்லாம் பரவும். ஆயின் அது போர்க்காலம். அவ்வாண்டின் தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் விடியலில் அத்தெருக்களை முதலில் நிறைத்தது மணியோசையுமன்று, அப்ப மணமுமன்று. படைவீரரின் காலணி ஓசையே.

சில நாள் முன் நகரின் நடுவே குண்டொன்று வெடித்துப் பலர் மாண்டிருந்தமையால், தமிழர் வாழும் தெருவெல்லாம் சுற்றி வளைக்கப்பட்டன. ஆடவரை வெளியே அழைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, அதன்பின் உடம்பைப் பார்ப்பது அந்நாளைய வழக்கம். காட்டிலே போர் பயின்றவர்க்குக் கையும் முழந்தாளும் காய்த்திருக்கும் என்பது படையினரின் கணிப்பு. அக்கணிப்பினால் விறகு கொத்தியவனும் வலை இழுத்தவனும் மூட்டை சுமந்தவனும் பட்ட பாடு கொஞ்சமன்று. முடுக்கின் கடைசி வீட்டிலிருந்து, துறைமுகப் பண்டகசாலையில் எழுத்தனாக இருந்த கிளெமென்ற் என்பான் வந்து கைகளை நீட்டினான். எழுதுகோல் பிடிப்பவனுக்கு இத்தகைய கையா என்று வீரன் திகைக்குமாறு அவன் விரல்மூட்டுகள் கல்லாய்க் காய்த்திருந்தன. காற்சட்டையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தால், முழந்தாள்களும் கறுத்துத் தடித்திருந்தன. மறுசொல் கேளாமல் அவனை வண்டியில் ஏற்றினர். ஆறு திங்கட் கருவைச் சுமந்து வாயிற்படியில் நின்ற அவன் மனைவி பிறிஜெற் அதைக் கண்டாள். கணவனை மீட்கவல்ல சான்றுகளை எல்லாம் தன் கையாலேயே அடுப்பிலிட்டு எரித்தவள் தானே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நடந்ததைச் சொல்லுவோம். கிளெமென்ற், கராத்தே என்னும் வெறுங்கைப் போர்க்கலையைப் பல்லாண்டு பயின்றவன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், தெமட்டகொடைத் தெருவிலே தன் தமையனைக் கும்பலொன்று அடித்து வீழ்த்தியபோது ஒன்றும் செய்ய மாட்டாமல் ஒளிந்து நின்ற வேதனைதான் அவனை அக்கலைக்கு இழுத்துச் சென்றது. மணமான பின்னும் அதை விட்டானல்லன். விடிகாலைதோறும் பின்முற்றத்தில் நட்டிருந்த கட்டையிலே மூட்டுகள் கன்றக் குத்திப் பழகி, பின் குசினி என்னும் சமையலறையின் வாயிலுக்கு நேரே நின்று, அவ்வாயிலின் மேல் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்குத் தலை தாழ்த்தி வணங்கி, அடியும் தடையும் திருப்பமுமாய் அமைந்த வரிசை ஒன்றைச் செய்து முடிப்பான். அப்படத்தின் கீழே தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் பிறிஜெற்றுக்கு அதைக் காணும்தோறும் வயிறு பற்றி எரியும்.

"வாளை உறையிலை போடு எண்டு ஆண்டவர் தன்ரை சீடர் இராயப்பருக்குச் சொன்னவர். நீங்கள் அவரையே கும்பிட்டுப்போட்டுக் குத்துறீங்கள்" என்பாள்.

"என்னட்டை வாள் எங்கை இருக்கு? வெறுங்கைதானே. இது அடிக்கிறதுக்கில்லை பிறிஜெற், அடி விழாமல் பாக்கிறதுக்கு" என்று அவன் சிரித்து மழுப்புவான்.

அவள் சிரித்தாளல்லள். இருமுறை கருவுற்று இருமுறையும் அது கலைந்த துயரத்தில் அவள் செபக்கூட்டங்களைத் தேடி அலைந்த காலம் அது. அங்கொரு போதகர், வெளிநாட்டுப் போர்க்கலைகள் தீய ஆவிகளுக்குக் கதவு திறந்து விடுவன என்றும், அவை பயிலும் வீட்டிலே கரு நிலைக்காது என்றும் முழங்கினார். பிள்ளைக்கு ஏங்கிய நெஞ்சிலே அச்சொல் முள்ளாய்த் தைத்தது. அழுதாள், பட்டினி கிடந்தாள், ஈற்றிலே கணவனைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துச் சென்றாள். பிள்ளை தந்தால் இக்கலையில் இனி ஒருபோதும் கை உயர்த்தேன் என்று அவன் மெழுகுதிரி ஏற்றி நேர்ந்துகொண்டான். வெள்ளை உடையையும் கறுப்புப் பட்டியையும் சான்றிதழ்களையும் அவள் அன்றே எரித்தாள். கற்பித்த ஆசானோ கூடத்தை மூடிவிட்டு நாட்டை விட்டுப் போயிருந்தார். செவ்வாய்தோறும் கிளெமென்ற் கோயில் வாயிலிலிருந்து பீடம் வரை முழந்தாளிலே நடந்தான். பிறிஜெற் கருவுற்றாள், இம்முறை கரு நிலைத்தது. இவ்வாறு விரல்மூட்டிலே கலையின் காய்ப்பும், முழந்தாளிலே நேர்த்திக்கடனின் காய்ப்பும் ஏறின. இரண்டும் சேர்ந்து, ஒருவருக்கும் தீங்கு நினையாத அவனைக் கொலைஞனாகக் காட்டின.

வெயில் ஏறுமுன் பிறிஜெற் காவல் நிலையத்தின் வாயிலைப் பற்றிக்கொண்டாள். பிடிபட்டவரை நண்பகலில் பாரவண்டி வந்து தென்திசைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லும் என்றும், சென்றவர் எப்போது மீள்வர் என்பது எவருக்கும் தெரியாது என்றும் அங்கே நின்ற தாய்மார் கதைத்தனர். அவள் காவலர் காலில் விழுந்தாள். எழுந்து மீண்டும் விழுந்தாள். வயிற்றைக் கண்டு இரங்கியோ, கூச்சல் பொறுக்காமலோ, அவளை முற்றத்துக்குள் விட்டனர். அங்கே சுவரோரம் குந்தியிருந்த இளைஞரின் நடுவே கிளெமென்ற் இருந்தான். பொறுப்பதிகாரி அவளுக்குத் தெரிந்த சிங்களத்திலே பேசினான்.

"உன் கணவன் கராத்தே பயின்றவனாம். நானும் மருதானையில் பயின்றவன்தான். உண்மையானால் ஒரு வரிசை செய்து காட்டு என்றேன், மாட்டேன் என்கிறான். பொய்யன் அல்லாதவன் ஏன் மறுக்க வேண்டும்?"

பிறிஜெற் கணவன்முன் சரிந்து அமர்ந்தாள். "செய்து காட்டுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

"ஏலாது பிறிஜெற்."

"நான்தானே நேரச் சொன்னனான்? நானே சொல்லுறன், விடுங்கோ."

"உமக்கு முன்னாலை சொன்ன சொல்லெண்டால் நீர் விடலாம். அந்தோனியாருக்கு முன்னாலை சொன்னனான். கேட்டதை அவர் தந்திட்டார்." அவன் அவள் வயிற்றைப் பார்த்தான், கண் நிரம்பிற்று. "நான் கையைத் தூக்கி, பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீர் உயிரோடை இருக்கமாட்டீர். எனக்குத் தெரியும். என்னைக் கொண்டுபோகட்டும்."

அந்த இரக்கமற்ற பொறியை இழைத்துக் கொடுத்தவள் தானே என்பதை அவள் உணர்ந்தாள். கணவன் கை உயர்த்தினால் பிள்ளை, உயர்த்தாவிடில் கணவன். வாயிலுக்கு வெளியே பாரவண்டி வந்து நின்று உறுமியது. வேறொரு வழியும் தோன்றாமல் அங்குமிங்கும் பார்த்தவள், நேர்ந்துகொண்டவன் அவனே அன்றித் தான் அல்லள் என்பதைத் திடீரெனக் கண்டாள். தான் சாத்தானின் கதவென்று வெறுத்த ஒன்றை, கருவைச் சுமந்த உடம்போடு தானே திறக்க வேண்டும். பிறிஜெற் எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு முற்றத்தின் நடுவே போய் நின்றாள்.

விருப்பத்தோடு பார்ப்பவர் சிலவற்றைக் காணாது விடுவர். வெறுப்போடு பார்ப்பவர் ஒன்றையும் விடார். இத்தனை ஆண்டும் துருவுபலகையின்மேல் இருந்துகொண்டு அவள் வைத பார்வையிலே அவ்வரிசை முழுவதும் பதிந்திருந்தது. அவள் தலை தாழ்த்தி வணங்கினாள். திரும்பித் தடுத்தாள், அடி வைத்துக் குத்தினாள், மறுபுறம் திரும்பித் தடுத்தாள். வயிறு கனத்து இழுக்க, உதடு "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுக்க, கண்ணீர் வழிந்து கழுத்தை நனைக்க, ஓர் அசைவும் குறையாமல் அவள் செய்துகொண்டே போனாள். காவலரிற் சிலர் நகைத்தனர். கிளெமென்ற் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் முடித்து மூச்சிரைக்க நின்றபோது அதிகாரி எழுந்து அருகில் வந்தான்.

"எல்லாம் பிழை" என்றான். "இடப்பக்கம் திரும்பித் தொடங்க வேண்டியதை நீ வலப்பக்கம் திரும்பித் தொடங்கினாய். ஒன்று விடாமல் எல்லாம் மாறிக் கிடக்கிறது."

இருந்த ஒரே கயிறும் அறுந்ததென்று பிறிஜெற் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட்டாள்.

"யார் உனக்குக் கற்பித்தது?"

"ஒருவரும் கற்பிக்கவில்லை. அவர் செய்யும்போது குசினியிலிருந்து பார்ப்பேன்."

"அவன் எங்கே நின்று செய்வான்?"

"எனக்கு நேரெதிரே. என் தலைக்கு மேலே ஆண்டவரின் படம் இருக்கிறது. அதை வணங்கித்தான் தொடங்குவார்."

அதிகாரி காவலரிடம் திரும்பி, "கற்பிக்கப்பட்டவள் சரியாகச் செய்திருப்பாள். எதிரே இருந்து ஆண்டுக் கணக்காகப் பார்த்தவளே கண்ணாடியில் தெரிவதுபோல் இப்படி மாற்றிச் செய்வாள். இவன் பொய் சொல்லவில்லை. விட்டுவிடு" என்றான்.

கைத்தாங்கலாய் மனைவியை அணைத்துக்கொண்டு கிளெமென்ற் வாயிலைக் கடக்கையில், மட்டக்குளியிலிருந்து விடியற் பொழுதே வந்து காத்திருந்த நேசம் என்னும் மீனவப் பெண் ஓடிவந்து பிறிஜெற்றின் கையைப் பற்றினாள். அவள் ஒரே மகன் உள்ளே சுவரோரம் இருந்தான்.

"தங்கச்சி, உம்மடை மனுசனை விட்டிட்டினமே! கம்பிக்குள்ளாலை பாத்தனான், நீர் என்னவோ செய்து காட்டினனீர். எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாரும். என்ரை பிள்ளைக்கும் முழங்கால் காய்ச்சுத்தான் கிடக்கு. தோணி தள்ளினதம்மா அது, தோணி தள்ளினது." பிறிஜெற் வாய் திறக்குமுன் அவள் தன் மெலிந்த கைகளை உயர்த்தி, கண்டதைக் கண்டபடி அசைத்தாள். "இப்பிடியோ? இப்பிடியோ தங்கச்சி?"

சுவரோரம் இருந்த மற்றவரை ஏற்றிக்கொண்டு பாரவண்டி அவர்களைக் கடந்து சென்றபோதும் நேசத்தின் கைகள் தாழவில்லை.

அக்கலை திருமறைக்கு ஒக்குமா ஒவ்வாதா என்னும் வழக்கை, வாசகரே, கற்றவர் கூடித் தீர்த்துக்கொள்வாராக. ஆனி மாதத்தில் பிறிஜெற் ஒரு பெண்மகவைக் குறையின்றி ஈன்றாள். கிளெமென்ற் தன் நேர்த்தியைக் காத்தான். அவன் விரல்மூட்டுகள் நாளடைவில் மென்மையுற்றன. படத்துக்கு எதிரே நின்று வணங்குவதை மட்டும் அவன் விடவில்லை. அவளும் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் அவள் அந்தோனியார் முன்னிலையில் இரண்டு திரிகள் ஏற்றுவாள். ஒன்று தன் மகளுக்கு. மற்றையது யாருக்கென்று கணவன் ஒருநாளும் கேட்டதில்லை. நேசத்தின் மகன் வீடு திரும்பினான் என்று இன்றுவரை எவரும் வந்து சொல்லவில்லை.