மெரேயானா அறுத்த மடல்

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹூரியாவுக்கு மோவாயில் குலவழிக் கோலத்தைப் பச்சை குத்திய அன்று சுற்றி உட்கார்ந்து பாடியவர்களில் நானும் ஒருத்தி, அந்த வீட்டு மருமகள். அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. வாக்கியங்கள் தாறுமாறாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: வைரோவா ஆற்றின் மேல் பனி மெல்ல… [வேண்டாம். பனியை யார் கேட்டார்கள்?]

இரண்டாவது: ஹூரியாவின் அம்மா மெரேயானா, மகள் தலைக்கடியில் வைக்கத் தடுக்கு பின்னுவதற்காகக் காலையில் நார்ப்புதரில் மடல் அறுத்தாள். அந்தப் புதரில் நடுக்குருத்தைப் பிள்ளை என்போம். அதை ஒட்டி இருபுறமும் நிற்பவை தாயும் தகப்பனும். இந்த மூன்றிலும் யாரும் கத்தி வைப்பதில்லை. மெரேயானா தகப்பன் மடலை அறுத்துவிட்டாள்.

(வாழ்நாளெல்லாம் பின்னியவள் இப்படிச் செய்வாளா? ‘கை தவறிவிட்டது’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.)

3

குத்தியவர் ராவிரி. உறவில்லை, ஆனால் வீட்டுக்கு வேண்டியவர். அவர் முகம் முழுக்க அவர் குலத்துக் கோலம்.

“நல்லா அழுத்திக் குத்துங்க. இவ வாயை அடக்க வேற வழி இல்ல” என்றாள் ஹூரியாவின் பெரிய அத்தை. செத்துப்போன அண்ணனின் மகள் மேல் அவளுக்கு உயிர்.

வலப்பக்கம், தாய்வழி, முடிந்தது. இடப்பக்கம் தகப்பன்வழி. பச்சை குத்தும் உளி ஒரு கோடு இறங்கியது.

“நிறுத்துங்க” என்றாள் மெரேயானா. “அவரு வழிக் கோலம் வேணாம்.”

“வேற எதைப் போடறது?” என்றார் ராவிரி.

“உங்க மூஞ்சியில இருக்கிறதை.”

பாட்டு நின்றது. ராவிரி உளியைக் கீழே வைத்தார்; அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

“இப்பவா சொல்றது, மெரே?”

“வாயால சொன்ன பொய்யோட இருந்துட்டேன். அவ முகத்துல எழுத விட முடியல.”

“எங்கண்ணன் தோள்ல தூக்கி வளத்த பிள்ளைடி இது” என்றாள் பெரிய அத்தை.

4

முடிவு அ: ஹூரியா பாதி மோவாயோடு எழுந்து… [அவள் எதையும் பாதியில் விடுபவள் இல்லை.]

முடிவு ஆ: அத்தைமார் மறுபடி பாட, வளர்த்தவரின் கோலமே… [இது என் ஆசை. ஆசையெல்லாம் கதையாகிவிடுமா?]

நான் கண்டது இவ்வளவுதான். ரத்தம் கசியும் மோவாயோடு ஹூரியா கேட்டாள்:

“அப்பா கோடு எது?”

ராவிரி தொட்டுக் காட்டினார். “இந்த ஒண்ணு.”

“அழிக்க முடியுமா?”

“முடியாதும்மா.”

“நல்லது” என்றாள். கண்ணை மூடி மோவாயை நிமிர்த்தினாள்.

அடுத்த கோடு யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. உளியை உங்களிடம் தருகிறேன். பார்த்து இறக்குங்கள், அடித்து எழுத முடியாது.