தறிக்கு இறுக்கிய போல்ட்

"போல்ட் அறுந்துச்சா, தகடு கிழிஞ்சுச்சா? அதச் சொல்லும்வே முதல்ல."

"தகடுதான் அண்ணாச்சி. நாலு போல்ட்டும் சிக்குன்னு இருக்கு. தகட்டையில்லா பிச்சுட்டுப் போயிருக்கு."

கோமதிநாயகம் பட்டறை வாசலில் குனிந்து பார்த்தார். லாரியில் வந்து இறங்கிய சின்ன அலுமினியப் படகு, விளிம்பிலிருந்து கீழே வரை வாய் பிளந்திருந்தது. பக்கத்தில் பரமசிவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

அவன் மீன் பிடிக்கும் அணைக்குள் பழைய மரங்கள் மூழ்கிக் கிடந்தன. வலை போட்டால் கிழியும். கோடையில் மீனும் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் தூண்டில் நூலை ஓர் இரும்புக் குண்டோடு சேர்த்து ஆழத்தில் இறக்குவான். குண்டைக் கம்பியில் கட்டி இறக்கவும் ஏற்றவும் படகின் விளிம்பில் ஒரு ராட்டை. அதைப் போன வாரம் பொருத்திக் கொடுத்தவர் கோமதிநாயகம். அந்தத் தெருவின் விசைத்தறிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

"அதிருத சாமான்னா மூச்சப் பிடிச்சு இறுக்கணும், தறிக்கு அப்படித்தான். அதே கையோட இதையும் வெறும் தகட்டுல இறுக்கிட்டேன்," என்றார். "எனக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்? தெப்பக்குளத்துல கால் நனைச்சதோட சரி."

தங்கத்தாய் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பரமசிவனின் மனைவி. துடுப்புப் போடுகிறவள் அவள்தான். முந்தாநாள் குண்டு மூழ்கிய மரத்தில் சிக்கியபோது கம்பி அறவில்லை; ராட்டை படகைக் கிழித்துக்கொண்டு சாய்ந்தது. அவன் கம்பியை வெட்டினான். அவள் தூக்குச்சட்டியால் தண்ணீரை இறைத்தாள். கரைக்கு வந்தபோது அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. இனிப் படகில் ஏற மாட்டேன் என்று அப்போது சொன்னதுதான். ஒற்றை ஆளாகத் துடுப்பையும் ராட்டையையும் பார்க்கப் பரமசிவனால் ஆகாது.

மின்சாரம் நின்றது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கோமதிநாயகம் கையால் சுற்றும் டிரில்லை எடுத்தார். கிழிசலுக்கு ஒட்டுத் தகடு அடித்து, தார் பூசினார். படகின் உள்பக்கம் ஒரு தேக்குப் பலகையை ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டம் வரை கொடுத்து, போல்ட்டுகளை அதன் வழியாக இறக்கினார். ஒன்றையொன்று அரிக்காமலிருக்க இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு. கடைசியில் கம்பிக்கும் குண்டுக்கும் இடையே ஒரு சாண் நூல் கயிறு கட்டினார்.

"மறுபடி சிக்குனா இது அறும். குண்டு போவும், படகு நிக்கும். தறியிலயும் தோல்வாரு அறுந்தாத்தான் இரும்பு பிழைக்கும். எங்கே, தொங்கிப் பாரும்."

பரமசிவன் ராட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். படகு ஒருக்களித்தது, ராட்டை அசையவில்லை.

"மாமனார் வீட்லகூட இப்படித் தொங்கியிருக்க மாட்டீரு," என்றார் கோமதிநாயகம்.

பரமசிவன் சிரிக்கப் பார்த்தான். தங்கத்தாய் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ராட்டையைத் தொட்டாள். பிறகு பலகையை, போல்ட்டுகளை, தார் காயாத ஒட்டைத் தடவினாள்.

"தரையில போன வாரமும் ஆடலியே, அண்ணாச்சி."

"ஏட்டி, சும்மா இரு," என்றான் பரமசிவன், சத்தமில்லாமல்.

மின்சாரம் வந்தது. தறிகள் மறுபடி தடதடத்தன. கோமதிநாயகம் துணியால் கையைத் துடைத்தார், துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தார். தங்கத்தாய் அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

"நாளைக்கு அணைக்கு வந்து, குண்டு இறங்கும்போது ஒரே ஒரு தடவ நீங்களும் எங்ககூட உள்ள உக்காருதியளா, அண்ணாச்சி?"