ஊசி வராத அறை

குழந்தைகள் வார்டின் கோடியில் மஞ்சள் கதவு போட்ட அறைக்குள் ஊசி வரக்கூடாது. சட்டம் போட்டவளே விளையாட்டு அக்காதான். பொம்மையும் களிமண்ணும் கொடுத்துப் பிள்ளைகளின் பயத்தைத் தணிப்பது அவள் வேலை. பயப்படாமல் இருக்க ஒரு இடமாவது வேண்டும் என்று பெரிய டாக்டரோடு மல்லுக்கட்டி வாங்கிய சட்டம் அது. வரும் பிள்ளைகளிடமெல்லாம் அதைச் சத்தியமாகவே சொல்லி வைத்திருந்தாள்.

நேற்று அவளே மீறினாள்.

ஐந்து வயதுச் சிட்டு அந்த அறையில் களிமண்ணால் யானை செய்துகொண்டிருந்தாள். நர்ஸ் ஊசித் தட்டோடு எட்டிப் பார்த்தாள். "இப்ப சமத்தா உட்கார்ந்திருக்கா. கட்டிலுக்குக் கொண்டுபோனா நாலு பேர் பிடிக்கணும். ஒரு நிமிஷந்தான், அக்கா."

அக்கா சரியென்று தலையசைத்தாள். தும்பிக்கை எங்கே என்று சிட்டுவிடம் பேச்சுக் கொடுத்தாள். அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

சிட்டு அழவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

"மந்திரம் போட்ட மாதிரி இருந்துச்சு" என்று சிட்டுவின் அம்மா பூரித்துப் போனாள். "இனிமே எல்லா ஊசியும் இங்கதான்" என்று நர்ஸ் சிரித்தாள். பாராட்டப் பாராட்ட அக்காவுக்கு நெஞ்சு உறுத்தியது.

இன்று மஞ்சள் கதவைக் கண்டதும் சிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் என்னை இழுத்துட்டு வந்தவ. இப்ப என்னடி வந்துச்சு?"

அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, கரடிப் பொம்மையையும் ஊசி கழற்றிய சிரிஞ்சையும் நீட்டினாள். இறங்கி வந்த சிட்டு கரடியைத் தொடவில்லை. சிரிஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க பாருங்க, யானை!"

அக்கா திரும்பினாள். கையில் நறுக்கென்று ஒரு குத்து.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"பொய். எறும்புக் கடிதான்." அக்கா வழக்கமாகச் சொல்லும் வார்த்தை, அதே இழுப்போடு.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன், சிட்டு. ஊசி வராதுன்னு சொல்லிட்டு நானே உள்ள விட்டேன்."

"அட, நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டோடு வந்தாள். "இன்னிக்கும் கொஞ்சம் ரத்தம் வேணும், அக்கா. இங்கயே முடிச்சிடலாமா?"

அக்கா எழுந்து வாசலை மறித்து நின்றாள். "இங்க வேண்டாம். ஊசி போடுற ரூமுக்கு நானே கூட்டிட்டு வர்றேன். அவகிட்ட சொல்லிட்டுத்தான்."

"நேத்து சரின்னு சொன்னது யாராம்?"

"நான்தான்."

"நல்ல கதை! அப்ப அவ கத்தும்போது பிடிச்சுக்கவும் நீங்களே வாங்க."

"வர்றேன்."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அக்கா திரும்பியபோது, சிட்டு அம்மாவின் விரலைப் பிடித்தபடி அறைக்குள் நின்றிருந்தாள். அக்காவும் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நீங்க வேண்டாம். வெளிய."

மஞ்சள் கதவு மூடியது. பொம்மைப் பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பது கேட்டது. சற்றுப் பொறுத்து, தும்பிக்கையை யாருக்கும் நீட்டக்கூடாது என்று யானையை அதட்டும் சின்னக் குரல்.

அக்கா கதவைத் தட்டவில்லை. அடுத்த ஊசித் தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று வார்டு நடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.