அரசர் விடவில்லை

தொலேதோவின் யூதர் தெருவுக்குள் தொத்ரோஸ் கோவேறு கழுதையைத் திருப்பியபோது, அவன் வீட்டு வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் தண்ணீர் வைத்திருக்க மாட்டார்கள். சரிவில் ஓடிவந்த நீர் கழுதையின் குளம்புகளை நனைத்தது. அவனுக்கு இறங்கத் தோன்றவில்லை. யாரோ வந்து கடிவாளத்தைப் பிடித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அவன் மனைவி ஓரோவிதாவை அடக்கம் செய்துவிட்டார்கள். துக்கத்துக்கு மேலாடையைக் கிழிக்க வேண்டும். மாமனார் ஷெம்தோப் கத்தியால் ஓரத்தைக் கீறிவிட, மிச்சத்தை அவனே கிழித்துக்கொண்டான். அரண்மனைக்குப் போட்டுக்கொள்ள அவள் தைத்துக் கொடுத்த ஆடை அது.

வீடு திரும்பி வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், அரசரின் அரபு மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் என்ன செய்வான், நினைத்த நேரத்தில் வர முடியுமா என்றே ஆறுதல் சொன்னார்கள்.

மகள் ஜமிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா வாசலையே பாத்துட்டிருந்தாங்கப்பா. தெருவுல யாரு நடந்தாலும் ‘அப்பாவா பாரு’ன்னாங்க. ராஜா விடலையா?”

அவன் வாய் திறக்குமுன் மாமனார் முந்திக்கொண்டார். “விட்டா வராம இருப்பாராம்மா? கிரனாடா தூதருங்க வந்திருக்காங்க. உங்கப்பா இல்லாம அங்க ஒரு பேச்சு நகராது.”

அரசர் விட்டிருந்தார். முந்தின நாள் அவராகவேதான் கேட்டார்: வீட்டில் உடம்பு சரியில்லையாமே, போய்ப் பார், இவன் பேசிக்கொள்வான் என்று. அவர் கைகாட்டியவன் செவில்யா நகரத்திலிருந்து வந்த இளைஞன். அரபு அவன் நாவில் தேனாக வரும். அதற்குள் ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தான். தொத்ரோஸ் குனிந்து வணங்கி, சாதாரண ஜுரம்தான் பிரபு என்றான். சொல்லும்போது அவன் கண் அந்த இளைஞனின் கால்கள் மேல் இருந்தது.

“மாமா,” என்றான் இப்போது. “ராஜா எங்கிட்ட...”

“தெரியும் மாப்பிள்ளை. அந்த எடத்துல நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டாம், விடுங்க.”

மறுபடி தொடங்கியிருக்கலாம். அவன் தொடங்கவில்லை. ஜமிலா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த வீட்டுக்காரி வேகவைத்த முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். துக்கவீட்டின் முதல் சாப்பாடு அடுத்தவர் அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். மகளைப் பறிகொடுத்த கிழவர், தனக்கு எடுத்துக்கொள்ளாமல், ஒரு முட்டையை உரித்து நீட்டினார்.

“வழியில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.”

தொத்ரோஸ் வாங்கிக்கொண்டான். முட்டை இன்னும் சூடாக இருந்தது. கிழவர் மடியில் சிதறிக் கிடந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.