இல்லை என்று சொல்லக் கற்ற சர்வர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளையின் டயாலிசிஸ் மையத்தில், சித்தப்பாவுக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்த நாட்களில், அஸீலா என்ற பெண் கணினிக்கு நாற்பது வரி எழுதினாள். நான் எழுதிக் குவித்த ஆயிரம் பக்கமும் ஓர் ஆளைக்கூட பஸ் ஏற்றியதில்லை, இறக்கியதுமில்லை. அவளுடைய நாற்பது வரி அதைச் செய்தது. நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம். மீதி என் கைச்சரக்கு.

எப்படித் தொடங்கலாம்? 'தாமிரபரணியின் மேல் அந்திச் சூரியன் மெல்ல...'

(அடித்துவிட்டேன். மையத்தின் ஜன்னலில் தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் ஏசி டப்பா.)

2

அஸீலாவுக்கு இருபத்தெட்டு வயது, மேலப்பாளையத்துக்காரி. மையத்தில் எந்த நாற்காலி எப்போது காலி என்று காட்டும் வெப் அப்ளிகேஷனை நான்கு வருடமாகத் தனியாளாகக் கட்டியவள். வெள்ளிக்கிழமை அறக்கட்டளையின் குழு கூடி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சென்னைக் கம்பெனியின் மென்பொருளுக்கு மாறுவதா என்று முடிவெடுக்கப் போகிறது. குழு சொன்ன குறை ஒன்றே ஒன்று: சாத்தான்குளத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் கணினி, இங்கே இடம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வழியில்லை.

அவளுடைய அப்ளிகேஷன் மனிதக் கண்ணுக்குப் பக்கம் காட்டும், அவ்வளவுதான். கணினிக்குப் பதில் சொல்ல, அதற்குள்ளேயே ஓர் ஆர்பிசி சர்வரைச் சேர்க்க வேண்டும். (வாசகரே, மிரளாதீர்கள். தூரத்துக் கணினி ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இங்கே அது நடந்து பதில் போகும். பந்தியில் நின்று 'ரசம்' என்று குரல் கொடுத்தால் சமையற்கட்டிலிருந்து வாளி வருகிறதே, அதேதான்.)

முதல் நாள் எல்லா அழைப்பையும், அப்ளிகேஷனுக்கு அஸ்திவாரமான ஃபிரேம்வொர்க் வாசலிலேயே விரட்டியது. தன் பக்கத்தைத் திறந்து டோக்கன் வாங்கி வருகிறவரைத்தான் அது நம்பும். கணினி எந்தப் பக்கத்தைத் திறந்தது? அந்த ஒரு வாசலுக்கு மட்டும் டோக்கன் வேண்டாம் என்று எழுதி, சாத்தான்குளத்துக்குத் தனியாக ஒரு ரகசியச் சாவி கொடுத்தாள். திங்கட்கிழமை அழைப்பு உள்ளே வந்துவிட்டது. மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

3

செவ்வாய்க்கிழமை ஹமீது பீவி வந்து நின்றார். சாத்தான்குளத்தில் தையல்கடை வைத்திருப்பவர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அங்கே மெஷின் பழுது. பாளையங்கோட்டையில் இடம் உண்டு என்று கணினி சொன்னதால் பஸ் ஏறிவிட்டார். இங்கே ஒரு நாற்காலியும் காலியில்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியிருப்பனா பிள்ளே?"

அஸீலா பதிவைத் திறந்து பார்த்தாள். சர்வர் அனுப்பியிருந்த பதில்: 'பார்த்துச் சொல்கிறோம்.' எழுதியவள் அவளேதான். இந்த ஊரில், கேட்டு வந்தவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதையை யோசிக்காமல் சர்வருக்கும் பழக்கிவிட்டிருந்தாள். சாத்தான்குளத்துக் கணினிக்கு மரியாதையைப் பற்றி என்ன தெரியும்? பிழை என்று பதில் வராவிட்டால், இடம் உண்டு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

"மன்னிச்சிருங்க லாத்தா. மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லக் கூடாதேன்னு நெனச்சேன்."

"எனக்கு மரியாதை எதுக்கு? நாற்காலிதாம்லா வேணும்."

நர்ஸ் சாலோமி மற்றவர்களின் நேரத்தை அங்கே இங்கே நகர்த்தி மாலை ஆறு மணிக்கு ஓர் இடம் பிடித்தாள். ஏழு மணி நேரம் ஹமீது பீவி பெஞ்சில் இருந்தார்.

(இங்கே அவர் மயங்கி விழுவதாக ஒரு வரைவு எழுதினேன். சித்தப்பா படித்துவிட்டு, "ஏலே, எங்களை விழ வச்சுத்தான் நீ கதை எழுதணுமா?" என்றார். கிழித்துவிட்டேன்.)

4

அந்த இனிப்பு வரியை அஸீலா அழித்தாள். இடம் இல்லையா, பிழை என்று சொல். கூடவே அடுத்த காலி நேரத்தையும் சொல். எழுதும்போது கை கூசியது. எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. குழுவின் முன்னால் பெரிய திரை. சாத்தான்குளம் கூப்பிட்டது. சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இப்போது இடம் இல்லை. மாலை நான்கு மணிக்கு உண்டு.'

"என்னம்மா, எரர் வருதே?" என்றார் செயலாளர் ஹரிஹரசுப்பிரமணியன்.

"ஆமா சார். எரர்தான் வரணும்."

அடுத்த அழைப்பு நான்கு மணியைக் கேட்டது. கண்ணிமைக்குமுன் பச்சை. பெயர்: ஹமீது பீவி. ஐந்து நிமிடத்தில் சாலோமியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலு மணிக்குத்தான் எடமாம்லா? கையில ரெண்டு ஜாக்கெட்டு கெடக்கு. தச்சுக் குடுத்துட்டுப் பைய வாரேன்."

குழுவில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். அஸீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

5

"பழையதே போதும், மாத்த வேண்டாம். எல்லாருக்கும் ஒரே முடிவு" என்றார் செயலாளர். உடனே முகம் சுருங்கியது. "ஆனா சென்னைக்காரங்ககிட்ட, பாத்துச் சொல்லுதோம்னு போன வாரமே சொல்லிட்டேன். சரின்னு எடுத்துக்கிட்டு ஆள் அனுப்புதாங்களாம். இப்பப் போயி எப்படிம்மா..."

அஸீலா சிரித்துவிட்டாள். மேஜையில் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இன்னொன்றில் அவருக்குப் பதில் அஸீலா பேசுகிறாள் (தன் சண்டையை ஜெயித்தவள் அவர் சண்டையையும் போட வேண்டுமா?). மூன்றாவதில் அவர் எண்ணை அழுத்துகிறார்...

இருங்கள், சென்னையில் எடுத்துவிட்டார்கள். "சொல்லுங்க சார், ஆள் எப்போ வரட்டும்?"

செயலாளர் தொண்டையைச் செருமுகிறார். அந்த ஒரு சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், வாசகரே. முகம் பார்க்காமல் கொடுங்கள். நாலு மணிக்கு ஹமீது பீவி வருகிறார்.