மண்டியிடச் சொன்ன ஆட்டம்

டொலீடோ தன்னை மறுபடியும் கூப்பிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் வெண்டல் குரோஷே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அந்த ஊரில் நாய்க்குக்கூட அவன் பெயரை வைக்க மாட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வருடங்களுக்கு முன் அவன் டொலீடோ ஹேமர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக். ஆட்டத்தை நடத்துபவன், பந்தை எறிபவன், ஜெயித்தால் தோளில் சுமக்கப்படுபவன், தோற்றால் முதலில் மிதிபடுபவன். யாரும் சீந்தாமல் கிடந்த அணியை ஒரே பருவத்தில் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனான். அந்த ஆட்டத்தில் பாதிக்குள்ளேயே அணி மலையளவு பின்தங்கியது. வெண்டல் விடவில்லை. எறிந்தான், மேலும் எறிந்தான். நான்கு முறை பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் ஆனது. ஐந்து பந்து எதிரணியின் கையில் போய் விழுந்தது. கடைசியில் மயிரிழையில் தோல்வி. அந்த நான்கை யாரும் எண்ணவில்லை. ஐந்தை ஊரே மனப்பாடம் செய்தது. மறுநாளிலிருந்து அவனைக் கண்டால் கையை உயர்த்தி ஐந்து விரலை விரித்துக் காட்டினார்கள். பெட்ரோல் பங்கில் காட்டினார்கள். தேவாலய வாசலிலும் காட்டினார்கள்.

அதன்பிறகு அவன் வாழ்க்கை ஏறுவதும் சறுக்குவதுமாகவே போனது. ஒரு ஊரில் பெஞ்சைத் தேய்த்தான். இன்னொரு ஊரில் மூன்று வாரம் ராஜா, நாலாவது வாரம் தோள்பட்டை விலகி ஆஸ்பத்திரி. கனடாவின் புல்வெளிப் பிரதேசத்தில் இரண்டு பருவம் ஆடினான், அங்கே ஒரு கோப்பையும் வாங்கினான். அமெரிக்காவில் அதை யாரும் செய்தியாகக்கூடப் போடவில்லை. இப்போது முப்பத்தேழு வயது. யங்ஸ்டவுனில் மைத்துனனின் பழைய கார் கடையில் நின்றுகொண்டிருந்தான். ஓய்வு பெற்றுவிட்டாயா என்று யார் கேட்டாலும் "இல்லை" என்பான். கேட்டவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

டிசம்பரில் ஹேமர்ஸின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் ஒரே வாரத்தில் கால் உடைந்து படுத்தார்கள். அணியின் ஆட்ட முறை தெரிந்த, வேலையில்லாத ஆள் நாட்டிலேயே ஒருவன்தான் மிச்சம். பயிற்சியாளர் மெரில் டோபின் தானே தொலைபேசியில் அழைத்தார்.

"இங்க பாருய்யா, சுத்தி வளைக்க எனக்கு நேரம் இல்ல. உன்னை எறியறதுக்குக் கூப்பிடல. பந்தை வாங்கி ஓடுறவன் கையில குடு. அவ்வளவுதான் உன் வேலை. கலியாண வீட்டுல தாம்பாளம் நீட்டுறவன் மாதிரி."

"எறிய வேண்டி வந்தா?"

"வராது."

வெண்டல் தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். நடீன் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், அலறுகிற ஆட்களிடம் நிதானமாகப் பேசியே பழகியவள்.

"அந்த ஊர்ல நம்ம வீட்டு ஜன்னலை உடைச்சாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"போய் அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு ஆடு. எனக்கும் ஒரு சீட்டு வாங்கு. முன் வரிசையில."

ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று ஊசியாகக் குத்தியது. வெண்டல் மைதானத்தில் கால் வைத்ததும் எழுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். பார்த்த இடமெல்லாம் கையுறை மாட்டிய ஐந்து விரல்கள். அவனுக்குப் பந்தைக் கால்களுக்கிடையில் தள்ளிக் கொடுக்கும் டவிட்டா, நெல் மூட்டை போன்ற சமோவா தீவுக்காரன், பழைய நாளிலிருந்து அணியில் மிச்சமிருந்த ஒரே ஆள். அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான்.

"டேய் கிழவா, உனக்கு எவ்வளவு சொந்தக்காரங்க பாரு இங்க!"

"எல்லாம் உங்க அத்தை பக்கத்து ஆளுங்கடா."

டோபின் சொன்னபடியே மூன்று மணி நேரம் போனது. வெண்டல் பந்தை வாங்கினான், கொடுத்தான். வாங்கினான், கொடுத்தான். எறிந்ததெல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்குத்தான். எதிரணிக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது. எறிய மாட்டான் என்று தெரிந்து எல்லோரும் முன்னால் வந்து குவிந்தார்கள். அவர்களில் ஒருவன் பல்லைக் காட்டினான்.

"என்ன தாத்தா, கை வலிக்குதா? ஐயோ பாவம், மருந்து தடவட்டுமா?"

வெண்டல் அவர்களுக்குப் பின்னால் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.

ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்தபோது இரு அணியும் சமநிலை. பந்து ஹேமர்ஸ் கையில், ஆனால் தங்கள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில். தலைக்கவசத்துக்குள் இருந்த ரேடியோவில் டோபினின் குரல் கரகரத்தது.

"மண்டி போடு. கூடுதல் நேரத்துக்குப் போகலாம்."

பந்தை வாங்கி முழங்காலைத் தரையில் ஊன்றினால் போதும், கடிகாரம் ஓடித் தீர்ந்துவிடும். பாதுகாப்பான வழி. வேறு எந்தக் குவார்ட்டர்பேக்கிடமும் டோபின் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் வெண்டலைச் சுட்டது.

"கோச், பின்னாடி மைதானமே காலியா கிடக்கு."

அவன் பேசுவது அங்கே கேட்காது. அது ஒருவழிப் பாதை. "மண்டி போடு" என்றது குரல் மறுபடியும். ஒவ்வொரு முறையும் பந்தை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும், அது விதி. க்ளிக் என்று ஒரு சத்தம். காதுக்குள் அமைதி. இனி அவன் தனி.

வட்டமாகக் குனிந்து நின்ற பத்துப் பேரையும் பார்த்தான்.

"மண்டி போடச் சொல்றாங்க," என்றான். "நான் போடப் போறதில்ல. டெவ்ரோ, வலது ஓரமா ஓடு, திரும்பிப் பாரு, பந்து அங்க இருக்கும்."

டெவ்ரோ அணியிலேயே வேகமானவன். நாள் முழுக்கச் சும்மா ஓடி அலுத்துப் போயிருந்தான். "நிஜமாவா?" என்று கேட்டவன் முகம் மலர்ந்தது.

டவிட்டா மட்டும் முனகினான். "உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"எனக்கு அது புதுசா?"

முதல் பந்து சொன்ன இடத்தில் இருந்தது. டெவ்ரோ பிடித்துக்கொண்டு, கடிகாரம் நிற்கட்டும் என்று பக்கக் கோட்டுக்கு வெளியே பாய்ந்தான். ஊளை பாதியில் நின்றது. தலைக்கவசத்துக்குள் டோபின் தன் பரம்பரை வசவெல்லாம் கொட்டி முடித்து, "போதும், இனி ஓடுறவன்கிட்ட குடு!" என்று கத்தினார். வெண்டல் மறுபடியும் எறிந்தான்.

அந்தப் பந்து மோசமான பந்து. நடுவில் எறிந்திருக்கவே கூடாது. எதிரணிக்காரன் ஒருவனின் இரண்டு உள்ளங்கையிலும் நேராகப் போய் விழுந்து, குளிரில் விறைத்த விரல்களில் நிற்காமல் நழுவித் தரையில் உருண்டது. எழுபதாயிரம் பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது பிடிபட்டிருந்தால் ஆறாவது என்று எழுதியிருப்பார்கள். கல்லறையிலும் பொறித்திருப்பார்கள்.

டவிட்டா திரும்பிப் பார்த்தான். "இப்ப என்ன?"

"அதேதான். இன்னும் தூரமா."

இந்த முறை எதிரணியின் முன்வரிசை உடைத்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் ஒருவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். விழுந்துகொண்டே, பழைய தோள்பட்டை கிறீச்சிட, வெண்டல் எறிந்தான். பந்து போன திசையை அவன் பார்க்கவில்லை. முகம் பனிச்சேற்றில் புதைந்திருந்தது. கேட்கத்தான் செய்தது. முதலில் ஒரு நொடி நிசப்தம். பிறகு அணை உடைந்ததுபோல் ஒரு சத்தம். எட்டு வருடமாக அந்த ஊர் அவனுக்குத் தராமல் வைத்திருந்த சத்தம்.

டெவ்ரோ எதிரணி எல்லைக்குள் வெகுதூரம் போய்க் கோட்டுக்கு வெளியே கிடந்தான், பந்து நெஞ்சோடு. மிச்சமிருந்த வேலையை உதைப்பவன் பார்த்துக்கொண்டான். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, மூன்று புள்ளி. ஹேமர்ஸ் ஜெயித்தது.

கேமராக்களுக்கு முன்னால் டோபின் அவன் கையைக் குலுக்கினார். மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலேயே பேசினார்.

"உன்னை விடுவிக்கிறோம். அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆள் பார்த்தாச்சு."

"ஜெயிச்சோமே கோச்."

"ஜெயிச்சதால நீ பண்ணது சரின்னு ஆகிடாது."

வெண்டல் சிரித்தான். "அதைத்தான் நானும் எட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். தோத்ததால நான் பண்ணது தப்புன்னு ஆகிடாது."

டோபின் விடுவிப்புக் கடிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். "அந்த ரெண்டாவது பந்து..."

"கேவலமான பந்து. ஒத்துக்கறேன்."

"தெரிஞ்சும் மூணாவதை எறிஞ்சியே?"

"எறியாம மண்டி போட்டிருந்தா, இன்னிக்கு எனக்கு வேலை இருந்திருக்கும். வேற என்ன இருந்திருக்கும்?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கார் நிறுத்துமிடத்தில் நடீன் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்க."

"நேத்து என் பக்கத்து சீட்டுக்காரன் என் தோள்ல சாஞ்சு அழுதான்," என்றாள் அவள், வண்டியை நகர்த்தியபடி. "உன்னை மூணு மணி நேரம் திட்டின அதே ஆளு. மூக்கை என் கழுத்துத் துண்டுலதான் துடைச்சான்."

அடுத்த செப்டம்பரில் இன்னொரு அணி அவனை எடுத்தது. மூன்று ஆட்டம் ஆடினான். இரண்டு தோல்வி. ஒன்றில் அவன் எறிந்த பந்துகளைப் பார்த்துப் பழைய ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். தோற்ற இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஒரு நிருபர் மைக்கை நீட்டி, ஓய்வைப் பற்றி யோசிக்கிறீர்களா என்று கேட்டார். வெண்டலின் உதடு கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"வேற கேள்வி இருந்தா கேளுங்க," என்றான்.